பதிவேடும் திறவுகோலும்

செங்கற்பட்டு மார்க்கத்து மின்சார ரயிலில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் அடுத்து வருவது பொத்தேரி. காலை வேளையில் அந்த ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தைக் கண்டாலே இவ்வூரின் இயல்பு விளங்கிவிடும். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தை நாடிக் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்த வாலிபர்களும், மறைமலைநகர்த் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய குடும்பங்களும், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த பழைய குடிகளும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே கூரையின் கீழ்க் கூடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள். வேறு சிலர் வாடகை வீடு மாறியதும் வேறு சபைக்குப் போவார்கள். ஆனால் அவர்கள் எழுதிக் கொடுத்த பெயரும், தொலைபேசி எண்ணும், கண்ணீரோடு சொன்ன ஜெபக் குறிப்பும் சபையின் கணினியிலும் யாராவது ஒருவருடைய கைப்பேசியிலும் தங்கிவிடும். ஜனங்கள் வந்து போகும் ஊரில் தகவல் மட்டும் போகாமல் நிலைத்திருப்பதனால் உண்டாகும் ஆபத்தைக் குறித்தும், அதைத் தவிர்க்கும் வழியைக் குறித்தும் இவ்வத்தியாயத்தில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பதிவேடு எழுதுவது திருச்சபைக்குப் புதிய காரியமன்று. திருமணங்களைப் பங்குக் குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று திரெந்து மகாசங்கம் 1563இல் விதித்தது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மேரி ஆலயம் 1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் அங்கே நடைபெற்ற எலிஹு யேலின் திருமணமே அதன் பதிவேட்டில் முதலாவதாக நிற்கிறது. நம் கடற்கரையிலோ, கோவளத்துக் கார்மேல் மாதா ஆலயம் 1808இல் எழுந்தது. இத்தகைய பழைய ஆலயங்களின் ஏடுகள் எப்படிப் பாதுகாக்கப்பட்டன என்று யோசித்துப் பார்த்தால், அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை என்பது தெரியும்: ஏடு ஒன்று, அது இருக்கும் அலமாரி ஒன்று, அதன் திறவுகோல் ஒருவர் இடுப்பில். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மறைமாவட்ட ஆவணக் காப்பகம் பூட்டியிருக்க வேண்டும் என்றும், அதன் சாவி ஆயரிடமும் மறைமாவட்டச் செயலரிடமும் மாத்திரம் இருக்க வேண்டும் என்றும், மிகவும் அந்தரங்கமான ஆவணங்களுக்குத் தனிப் பெட்டகம் அமைத்து அதன் சாவியை ஆயர் ஒருவரே வைத்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எத்தனை சாவிகள், அவை யார் யார் கையில் என்ற கேள்விக்கு அச்சட்டம் திட்டவட்டமாக விடை வைத்திருக்கிறது. அதே கேள்வியை இன்று நம் சபைக் கமிட்டியில் எழுப்பினால் பதில் சொல்லக்கூடியவர் ஒருவரேனும் இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. ஏனெனில், பதிவேட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினால் அந்தப் படமே ஒரு புதிய ஏடு; அது போய்ச் சேர்ந்த ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு புதிய அலமாரி; அதன் கடவுச்சொல் ஒரு புதிய சாவி. பிரதிகளைக் குறைத்து, சாவிகளை எண்ணி வைப்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் உபாயங்கள் அனைத்துக்கும் வேர்.

காப்பதற்கு அப்படி என்ன இரகசியம் இருக்கிறது, சபையார் பெயர்ப் பட்டியல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரியை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மாத்திரமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கின்றனர். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரித் தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பர் 26ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சிசுப் பருவத்தில் அவர் பெற்ற ஞானஸ்நானம் அந்த முடிவுக்கு ஆதாரங்களுள் ஒன்றாக நின்றது. தீர்ப்பின் நியாயத்தை விசாரிப்பது இந்நூலின் வேலையன்று. ஆனால், எப்போதோ ஒரு குருவானவர் மசியால் எழுதிய ஒரு வரி, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்தின் ஜீவனத்தைத் தீர்மானிக்க வல்லது என்பதை அறிந்த பிறகு, அந்த ஏட்டைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்ப நமக்கு மனம் துணியலாகாது. அதே ஏட்டில் தத்துப் பிள்ளைகளின் விவரமும், மணமாகாத தாய்மாரின் பெயரும் இருக்கக்கூடும். பிள்ளைக்கே இன்னும் சொல்லப்படாத செய்தி ஊருக்குத் தெரிந்துவிடுவதைப்போன்ற கொடுமை வேறில்லை.

நோய் பற்றிய இரகசியத்தின் கனத்தைச் செங்கற்பட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. திருமணியில் 1924இல் தோன்றி ஸ்காட்லாந்து மிஷனோடு தொடர்புற்று விளங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் ஆரோக்கிய நிலையத்தை 1955இல் மத்திய சர்க்கார் ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அத்தகைய இடத்தின் நோயாளர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது என்ற செய்தி வெளியே கசிந்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராத காலம் ஒன்று இருந்தது. இன்று நோயின் பெயர் மாறியிருக்கலாம். மனநோய், குடிநோய், கருச்சிதைவு, கடன் என்று அந்தரங்கத்தின் வகைகளும் பெருகியிருக்கலாம். கசிந்தால் விளையும் அவமானம் மாறவில்லை. இவ்வந்தரங்கங்கள் அனைத்தும் நம் சபைகளில் ஜெபக் குறிப்பு என்ற பெயரால் எழுதி வாங்கப்படுகின்றன.

ஜெபக் குறிப்பை நான் மிகவும் அஞ்சுகிறேன் என்று சொன்னால் வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை எந்தக் குருவும் வெளியிடமாட்டார்; அதன் முத்திரை மீறத்தகாதது என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அதே மனிதர் அதே துயரத்தை ஒரு காகிதத்தில் எழுதி ஜெபப் பெட்டியில் போட்டால், அது நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் ஏறுகிறது. ஞாயிறு ஆராதனையில் ஒலிபெருக்கி வழியாக வாசிக்கப்படுகிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்குக்குப் பிறகு எத்தனையோ ஆலயங்களில் ஆராதனை யூடியூபில் நேரலையாகச் செல்வதால், ஐம்பது பேருக்கென்று சொன்ன வார்த்தை உலகம் முழுவதும் என்றைக்கும் கேட்கக்கூடிய வார்த்தையாகிவிடுகிறது. இன்ன குடும்பத்தார் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருக்கிறார்கள், பிரயாணத்துக்காக ஜெபியுங்கள் என்று நேரலையில் அறிவிப்பதும், அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று திருடனுக்கு அறிவிப்பதும் ஒன்றே. ஆகையால் நான் சொல்லும் முதல் ஒழுங்கு இது: ஜெபக் குறிப்பு எழுதும் தாளிலேயே, போதகருக்கு மட்டுமா, ஜெபக் குழுவுக்கா, சபை முழுவதற்குமா என்று கேட்டு ஓர் இடம் விட்டு வையுங்கள், ஒன்றும் குறிக்காவிட்டால் போதகருக்கு மட்டும் என்றே கொள்ளுங்கள். விண்ணப்பங்கள் வாசிக்கும் வேளையில் நேரலையின் ஒலியை நிறுத்திவிடுங்கள். மாதம் முடிந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். ஆண்டவர் கேட்டுக்கொண்டதை நாம் கோப்பில் வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி, பொத்தேரிக்கே உரிய ஒரு விஷயம். இங்கே கணினி அறிந்த மாணவர்களுக்குப் பஞ்சமில்லாமையால், சபைக்கு ஏதாவது பட்டியல் வேண்டுமென்றால், நல்மனமுள்ள ஒரு தம்பி அரைமணி நேரத்தில் கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்துத் தந்துவிடுவார். அது அவருடைய சொந்த ஜிமெயிலில் பிறக்கிறது. சபையாரின் பிறந்த நாள், மணநாள், விலாசம், இரத்த வகை, வருமானம் எல்லாம் அதில் வந்து குவிகின்றன. மூன்றாம் ஆண்டில் அவர் வேலை தேடத் தொடங்குகிறார். நான்காம் ஆண்டில் பெங்களூருக்குப் போய்விடுகிறார். பட்டியலோ அவருடைய கணக்கிலேயே, அவருக்கே நினைவில்லாமல், இணைப்பு கிடைத்தவர் எவரும் திறந்து பார்க்கும்படி கிடக்கிறது. இதில் அந்தத் தம்பியின்மேல் குற்றம் சுமத்துவது அநியாயம். சபைக்கென்று ஒரு கணக்கை ஏற்படுத்தி, இதில் செய்யுங்கள் என்று கொடுக்காத பெரியவர்களின் கவனக்குறைவே அது.

எனவே சபையின் பெயரால் ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கட்டும். படிவங்களும் பட்டியல்களும் யூடியூப் அலைவரிசையும் முகநூல் பக்கமும் அதன் கீழேயே அமையட்டும். அதற்கு உத்தரவாதிகள் இருவர் இருக்க வேண்டும். ஒருவராயிருந்தால் அவர் நோயுற்றாலோ மாற்றலாகிப் போனாலோ சபை வாசலில் நிற்கும். ஐவராயிருந்தால் ஒருவரும் பொறுப்பேற்கமாட்டார். கடவுச்சொல்லாகச் சபையின் பெயரையும் அது தோன்றிய ஆண்டையும் சேர்த்து எழுதும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்; அவ்விரண்டும் ஆலய முகப்புக் கல்வெட்டிலேயே இருக்கின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களை வரிசையாகக் கோத்த நீண்ட சொற்றொடர் நினைவில் நிற்கவும் எளிது, பிறர் ஊகிப்பதற்கும் அரிது. அதனோடு, கடவுச்சொல்லுக்குப் பின் இரண்டாவது அடையாளம் ஒன்றைக் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் இன்றைக்கே இயக்கிவிடுங்கள். இவ்வத்தியாயத்தில் ஒரேயொரு காரியத்தைச் செய்ய மட்டும்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பொறுப்பிலிருந்து ஒருவர் விலகும்போது ஆலயச் சாவியைத் திரும்ப வாங்குவதுபோலவே அவர் அறிந்த கடவுச்சொற்களை மாற்றுவதும் ஒரு சம்பிரதாயமாக வேண்டும். பொத்தேரியில் அதற்குரிய காலம், பட்டமளிப்பு முடிந்து விடுதிகள் காலியாகும் மாதம்.

கேட்கவே தேவையில்லாத தகவல்களைக் கேட்காமலிருப்பது எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடைபெறும் விவாகங்களுக்காக மணமக்களிடம் ஆதார் பிரதி வாங்கும் அலுவலகங்கள் பல உண்டு. வயதையும் விலாசத்தையும் சரிபார்க்க மூலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று குறித்துக்கொண்டாலே போதும் என்ற இடத்தில் பிரதி எதற்கு? தவிர்க்க முடியாவிட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது. மணமக்களின் ஆவணங்களை ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுக்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. கடைக்காரர் யோக்கியராகவே இருப்பார். ஆனால் அவருடைய கணினியில் அந்தப் படங்கள் எத்தனை காலம் கிடக்கின்றன, எவர் வந்து பார்க்கின்றனர் என்பது அவருக்கே தெரியாது. சபைக்கென்று ஓர் எளிய அச்சு இயந்திரம் வாங்கிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது.

பணத்தைக் குறித்துச் சொல்லும்போது அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமலிருக்க முடியாது. ஒஹாயோ மாநிலத்து பிரன்ஸ்விக் நகரில் தூய அம்புரோஸ் பங்கு ஆலயத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. 2019 ஏப்ரலில் கட்டட நிறுவனத்தார், இரண்டு மாதமாக எங்களுக்குப் பணம் வரவில்லையே என்று கேட்டபோது பங்கு அலுவலகம் திகைத்தது; ஏனெனில் பணம் தவறாமல் அனுப்பப்பட்டிருந்தது. விசாரித்ததில், அலுவலகத்தின் இரண்டு மின்னஞ்சல் கணக்குகளுக்குள் அந்நியர் புகுந்து, கட்டட நிறுவனம் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டதாக அலுவலகத்தாரை நம்பவைத்திருந்தது தெரியவந்தது. போனது 17 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இந்தக் கள்வர் பூட்டை உடைக்கவில்லை. கடிதப் போக்குவரத்தைப் பொறுமையாகப் படித்து, எவர் எவருக்கு எப்போது பணம் தருவார் என்று அறிந்துகொண்டு, அந்தத் தருணத்தில் ஒரேயொரு பொய்யைச் சொன்னார்கள். நம் பக்கத்தில் ஆலயம் கட்டாத, மதில் எழுப்பாத, மண்டபம் விரிவாக்காத சபை அரிது. ஆகவே கொத்தனாரோ கம்பி வியாபாரியோ, கணக்கு எண் மாறிவிட்டது என்று எழுதினால், அந்தக் கடிதத்தில் கண்ட எண்ணை அழைக்காமல், கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே எழுதி வைத்த எண்ணை அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அந்நிய நாட்டு நன்கொடை பெறும் நிலையங்கள் இந்த விதியை இன்னும் கண்டிப்பாய்க் கைக்கொள்ள வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அத்தகைய நன்கொடை புது தில்லி ஸ்டேட் வங்கிப் பிரதான கிளையிலுள்ள கணக்குக்கு மாத்திரமே வர முடியும் என்பதால், வேறு கணக்கு எண் காட்டும் கடிதம் எதுவும் பொய்யென்று உடனே கொள்ளலாம்.

சிறிய வஞ்சகங்கள் பல. போதகரின் படத்தை வைத்துப் புதிய எண்ணிலிருந்து, நான் ஜெபக் கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, அவசரமாகப் பத்தாயிரம் அனுப்பு தம்பி என்று செய்தி வரும். போதகரே ஒரு ஞாயிறன்று பீடத்திலிருந்து, எழுத்து மூலமாக நான் ஒருபோதும் பணம் கேட்கமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இது பலிக்காது. சபையாரில் ஒருவரின் வாட்ஸ்அப்பைக் கவர்ந்தவர், உங்களுக்குத் தவறுதலாக ஆறு இலக்க எண் வந்திருக்கிறது, அனுப்புங்கள் அண்ணா என்பார். அனுப்பினால் உங்கள் கணக்கும் அவர் வசம். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு வரும். அது பத்திரிகையன்று, கைப்பேசிக்குள் குடியேறி வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யைப் படிக்கும் நிரல். காணிக்கைப் பெட்டியருகே ஒட்டிய கியூஆர் தாளின் மேல் வேறொருவர் தம் தாளை ஒட்டிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன் கோவில்பிள்ளை அதில் ஒரு ரூபாய் செலுத்தி, சபையின் கணக்கில் விழுந்ததா என்று பார்த்துவிடட்டும்.

களவு போவதை மட்டும் அஞ்சினால் போதாது. நம்முடையதல்லாத ஒன்று நம் கணினிக்குள் வைக்கப்படுவதையும் அஞ்ச வேண்டும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பணிபுரிந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமியை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2020 அக்டோபரில் கைதான அவர், 2021 ஜூலை 5ஆம் நாள் 84ஆம் வயதில் மும்பையில் காவல் கைதியாகவே மரித்தார். அவருடைய கணினியின் பிரதியை ஆராய்ந்த அமெரிக்க நிபுணர் குழுவான அர்ஸனல் கன்சல்டிங் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, 2014 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை அந்தக் கணினி அந்நியர் ஒருவரின் ஆதிக்கத்தில் இருந்ததென்றும், அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்கில் சாட்சியமாகக் காட்டப்பட்ட கோப்புகள் அவ்வழியே உள்ளே வைக்கப்பட்டவை என்றும் கூறுகிறது. அது பிரதிவாதி தரப்பார் அமர்த்திய நிபுணரின் அறிக்கை. நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டியது. எனினும் ஒரு முதிய குருவின் கணினிக்குள் ஏறக்குறைய ஐந்தாண்டு காலம் வேறொருவர் அவர் அறியாமல் உலவக்கூடும் என்ற செய்தியை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தகைய நிரல்கள் மின்னஞ்சலோடு இணைந்து வரும் ஆவணத்தைத் திறப்பதன் மூலமே பெரும்பாலும் நுழைகின்றன. எதிர்பாராத இணைப்பைத் திறவாதிருப்பதும், கணினியின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிப்பதும், திருட்டுப் பிரதியான விண்டோஸை நிறுவாதிருப்பதும் ஏழைச் சபைக்கும் இயலக்கூடிய எச்சரிக்கைகள். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அலுவலகத்து மூலையில் அந்தப் பழைய கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பதிவேடுகளை அதிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பிணைப்பணம் கேட்கும் நச்சு நிரல் 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையையே பல நாட்கள் காகிதத்துக்குத் திருப்பி அனுப்பியது. அத்தனை பெரிய நிலையம் பட்ட பாட்டைச் சிறிய சபை தவிர்க்க ஒரே வழி, மறுபிரதி. பிரதிகளைக் குறையுங்கள் என்று சொன்ன நானே இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். தெரிந்து, எண்ணி, பூட்டி வைத்த பிரதி வேறு, தெரியாமல் சிந்திய பிரதி வேறு. இந்தக் கரையோரத்தில் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும், 2015 டிசம்பரில் முடிச்சூர், கூடுவாஞ்சேரிப் பகுதிகளில் வீடுகளுக்குள் ஏறிய வெள்ளத்தையும் கண்டவர்கள், ஏடும் கணினியும் ஒரே அறையின் ஒரே தட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அறிவார்கள். ஆகவே மூலம் ஆலயத்தில் இருக்கட்டும். கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த வெளி வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) ஒன்று மேல்மாடியிலோ பேராலயத்திலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை பிரதி எடுத்ததும் அந்தத் தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் நச்சு நிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆண்டுக்கொருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் அவசியம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் குழந்தைகளின் பெயர், படிக்கும் பள்ளி, வீட்டுக்கு அழைத்துப் போகிறவர் எண் ஆகியவை அடங்கிய தாள் தவறான கையில் கிட்டினால் விளைவதை நான் விவரிக்க விரும்பவில்லை. குழந்தையின் படத்தோடு பெயரைச் சேர்த்து முகநூலில் இடவேண்டாம். ஆலயத்துக் கண்காணிப்புக் கேமராவின் கடவுச்சொல்லை, வாங்கியபடியே விடாமல் மாற்றுங்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்ட செய்தி 2025 பிப்ரவரியில் நாட்டையே தலைகுனிய வைத்தது.

சட்டமும் இப்போது நம்மிடம் கணக்குக் கேட்கிறது. தனிநபர் மின்தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித் தகவலை வாங்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கும், அச்சட்டப்படி அமையும் தகவல் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தக்க பாதுகாப்புச் செய்யாதவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. நூறு குடும்பங்கள் உள்ள சபையை இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது என் நோக்கமன்று. அபராதத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட, நம்பி எழுதிக் கொடுத்தவரின் முகத்தை நினைத்துச் செய்வது மேலானது.

எல்லாம் செய்தும் விபத்து நேரலாம். அப்போது முதலில் எழும் ஆசை, சபையின் மானம் போய்விடுமே என்று மூடி மறைப்பது. அதற்கு இடங்கொடுக்கலாகாது. பணம் போயிருந்தால் அக்கணமே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; பணம் கைமாறி மறைவதற்குள் அதை நிறுத்தி வைக்க அதுவே வழி, ஒவ்வொரு மணி நேரமும் வாய்ப்பைக் குறைக்கும். மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். கணினியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அழிக்கச் சொல்லாமல், இணையத்திலிருந்து மட்டும் பிரித்து அப்படியே வையுங்கள். அழித்தால் சாட்சியமும் அழியும். கசிந்தது எவருடைய தகவலோ அவருடைய வீட்டுக்குப் போதகரே நேரில் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஓர் அறிக்கை போட்டு அந்தக் கடமையைக் கழிப்பது தகாது.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளரும் பொருளாளரும் போதகரும் ஒரு மேஜையைச் சுற்றி அமருங்கள். கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றை எடுத்து, சபையின் தகவல் எங்கெங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் சாவி எவரெவரிடம் இருக்கிறது என்று நினைவுக்கு வந்தபடி எழுதுங்கள். முன்பிருந்த மாணவத் தம்பியின் ஜிமெயில் வரையில் எழுதி முடித்த பிறகு, அந்த நோட்டைப் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.